கார் கேள்வி – பதில்: ஏர் சஸ்பென்ஷன் எத்தனை ஆண்டு தாங்கும்?

கேள்வி: பத்து ஆண்டு ஓடிய மெர்சிடிஸ் எஸ் கிளாஸ் ஒன்று கைக்கு எட்டும் விலையில் வருகிறது. திருப்பூரிலிருந்து கோவைக்கு அன்றாடம் போய்வர வாங்கலாம் என்று எண்ணுகிறேன். ஆனால் என் மெக்கானிக், "ஏர் சஸ்பென்ஷன் வண்டி வேண்டவே வேண்டாம்" என்று அடித்துச் சொல்கிறார். வாங்கலாமா?
– ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: உங்கள் மெக்கானிக்கின் அச்சம் ஆதாரமற்றதல்ல. ஆனாலும், வண்டியைச் சரியாகச் சோதித்துப் பார்த்தபின் வாங்கலாம் என்பதே என் கருத்து. எதைச் சோதிப்பது என்பதற்கு முன், இந்த அமைப்பு எந்த வரிசையில் கெடுகிறது என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

எஸ் கிளாஸில் 1998ஆம் ஆண்டு வெளிவந்த தலைமுறையிலிருந்து 'ஏர்மேட்டிக்' என்ற பெயரில் ஏர் சஸ்பென்ஷன் இருந்துவருகிறது. காயில் ஸ்பிரிங் இருக்கவேண்டிய இடத்தில், உள்ளே நூலிழை பதித்த ரப்பர்ப் பை ஒன்று, டயரில் உள்ளதைவிட இரண்டு மூன்று மடங்கு அழுத்தத்தில் காற்றை அடைத்துக்கொண்டு வண்டியின் எடையைச் சுமக்கிறது. சக்கரம் மேலும் கீழும் அசையும்போதெல்லாம் அந்தப் பையின் அடிப்பகுதி ஒரு மடிப்பாகச் சுருண்டு விரிகிறது. வண்டி பெரும்பாலும் ஒரே உயரத்தில் ஓடுவதால், அந்த மடிப்பும் ரப்பரில் ஏறத்தாழ ஒரே இடத்திலேயே விழுகிறது. வெயிலும் சாலைப் புழுதியும் சேர்ந்து அந்த இடத்தை இறுக்கமாக்க, எட்டு பத்து ஆண்டுகளில் மயிரிழை போன்ற வெடிப்புகள் தோன்றுவது இயல்பு. ரப்பருக்கு ஆயுள் உண்டு. டயரைப்போல இதையும் தேய்மானப் பொருளாகவே கருதவேண்டும்.

பெருஞ்செலவு பிறப்பது அதன்பிறகுதான். வெடிப்பு வழியாகக் காற்று மெல்லக் கசியத் தொடங்கியதும், உயரத்தை அளக்கும் சென்சார் வண்டி தாழ்ந்திருப்பதைக் கண்டு, பைக்குக் காற்றடைக்கும் கம்ப்ரஸரை இயக்குகிறது. அது பேட்டரி மின்சாரத்தில் ஓடும் சிறிய மோட்டார். சிறிது நேரம் ஓடி, நெடுநேரம் ஓய்வெடுக்கும்படி வடிவமைக்கப்பட்டது. கசிவு நீடித்தால் அதற்கு ஓய்வே கிடைப்பதில்லை. சூடேறுகிறது, பிஸ்டன் வளையம் தேய்கிறது, மின்சாரத்தைத் திறந்து மூடும் ரிலேயின் தொடுமுனைகள் கருகுகின்றன. கம்ப்ரஸரை ஒட்டி ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிகள் நிரம்பிய டிரையர் ஒன்று இருக்கிறது. காற்று வெளியேறும்போது அந்த மணிகளின் ஈரத்தையும் கொண்டுபோய்விட வேண்டும் என்பது ஏற்பாடு. காற்று கம்ப்ரஸர் வழியாகத் திரும்பாமல் கசிவு வழியாகவே போய்க்கொண்டிருந்தால், மணிகள் ஈரம் ஏறிப் பொடிந்து, வெள்ளைத் தூளாக, ஒவ்வொரு பைக்கும் காற்றைப் பிரித்தனுப்பும் வால்வு பிளாக்குக்குள் புகுந்து அடைத்துக்கொள்கின்றன. ஆக, ஒரு பையோடு முடிந்திருக்கவேண்டிய பழுது, பை, கம்ப்ரஸர், ரிலே, வால்வு பிளாக் என்று நான்காகப் பெருகுகிறது. "ஏர் சஸ்பென்ஷன் சொத்தையே அழித்துவிடும்" என்று பேசப்படும் வண்டிகளில் பெரும்பாலானவை, கசிவு தெரிந்தும் மாதக்கணக்கில் ஓட்டப்பட்டவை.

எனவே, விலை பேசும்முன் விற்பவரிடம் ஓர் இரவு அவகாசம் கேளுங்கள். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து அதற்கு நேர்மேலே மட்கார்டின் விளிம்புவரை டேப்பால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் காலை, கதவைத் திறப்பதற்கு முன்பே மீண்டும் அளந்துபாருங்கள். கதவைத் திறந்ததுமே அமைப்பு விழித்துக்கொண்டு உயரத்தைச் சரிசெய்யத் தொடங்கும் கார்கள் உண்டு. நான்கு மூலைகளும் சமமாகச் சில மில்லிமீட்டர் இறங்கியிருந்தால் கவலை வேண்டாம். ஒரு மூலை மட்டும் விரற்கடையளவு இறங்கியிருந்தால் அங்கே கசிவு இருக்கிறது. பின்னர் வண்டியை உயர்ந்த நிலைக்கு ஏற்றி, டார்ச் விளக்கின் உதவியோடு மடிப்பு விழும் இடத்தைப் பார்த்து, சோப்புத் தண்ணீர் தெளியுங்கள். பல கார்களில் முன்பக்கப் பையை அலுமினிய உறையும் தூசிக் கவசமும் மூடியிருப்பதால் வெடிப்பு கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். உறையின் விளிம்பில் நுரை பொங்குகிறதா என்பதையே கவனிக்கவேண்டும்.

ஏற்கெனவே பைகள் மாற்றப்பட்டிருந்தால் ரசீதைக் கேட்டு வாங்குங்கள். மாற்றப்படவில்லை எனில், பத்து ஆண்டு ரப்பர் உங்கள் கையில்தான் வெடிக்கும் என்று வைத்துக்கொண்டு, அந்தத் தொகையைக் கழித்து விலை பேசுங்கள். முன்பக்கத்தில் பையும் ஷாக் அப்சார்பரும் ஒரே உறுப்பாக இருப்பதால் செலவு கூடுதல். இடது வலது இரண்டையும் ஒருசேர மாற்றுவதே முறை.

கேள்வி: காலையில் பார்த்தால் என் கார் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறது. ஸ்டார்ட் செய்த சில நிமிடங்களில் நிமிர்ந்துவிடுகிறது. ஓடும்போது எந்தக் குறையும் இல்லை. அப்படியே ஓட்டலாமா?
– ஒரு வாசகர், வேளச்சேரி, சென்னை

பதில்: கூடாது. முதல் கேள்விக்கு எழுதிய பதிலில் கண்ட கசிவு உங்கள் வண்டியில் தொடங்கிவிட்டது. அது நிமிரும் ஒவ்வொரு காலையும் கம்ப்ரஸரின் ஆயுள் குறைகிறது. இந்த வாரமே கசியும் பையை மாற்றிவிட்டால் செலவு அதோடு நின்றுவிடும். கம்ப்ரஸரையும் மாற்ற நேர்ந்தால், கூடவே ரிலேயையும் புதிதாகப் போடச் சொல்லுங்கள். மிகக் குறைந்த விலையுள்ள அந்தப் பழைய ரிலே ஒட்டிக்கொண்டுவிட்டால், புதிய கம்ப்ரஸர் இடைவிடாமல் ஓடிக் கருகிவிடும்.

வேளச்சேரியில் இருப்பதால் இன்னொன்றும் சொல்லவேண்டும். பல கார்களில் கம்ப்ரஸர் சக்கர வளைவுக்குள்ளோ அடித்தளத்துக்குக் கீழேயோ பொருத்தப்பட்டிருக்கும். 2015, 2023 டிசம்பர்களில் நின்றதுபோன்ற வெள்ளத்தில் வண்டி நின்றிருந்தால், இன்ஜினை மட்டும் பார்த்துவிட்டு விட்டுவிடாமல், கம்ப்ரஸரையும் டிரையரையும் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: பேருந்துகளிலும் ஏர் சஸ்பென்ஷன்தான் இருக்கிறது. அவை லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓடுகின்றனவே. கார்களுக்கு மட்டும் ஏன் இந்தப் பாடு?
– ஒரு வாசகர், சேலம்

பதில்: மிக நல்ல கேள்வி. சென்னையைச் சேர்ந்த வீல்ஸ் இந்தியா நிறுவனமே பேருந்து, லாரிகளுக்கு ஏர் சஸ்பென்ஷன் தயாரிக்கிறது; அந்தத் தொழில்நுட்பம் நமக்கு அந்நியமானதன்று. வேறுபாடு காற்று வரும் வழியில் இருக்கிறது. பேருந்தில் ஏர் பிரேக்குக்காகவே இன்ஜினோடு இணைந்த பெரிய கம்ப்ரஸர் ஒன்று ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. சஸ்பென்ஷன் அதில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. சிறு கசிவு இருந்தாலும் அந்தக் கம்ப்ரஸருக்கு அது பொருட்டே அல்ல. உயரத்தைச் சரிசெய்யும் வேலையை ஒரு கம்பியும் ஒரு வால்வுமே முடித்துவிடுகின்றன. பையோ வெளியே தெரியும்படி இருக்கிறது. பணிமனையில் குனிந்து பார்த்தாலே வெடிப்பு தெரியும், கழற்றி மாற்றுவதும் எளிது.

இவை எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமாகப் படுவது டிரையர். பேருந்தில் அதன் கார்ட்ரிட்ஜைக் குறித்த காலத்தில் மாற்றுகிறார்கள், காற்றுத் தொட்டியில் சேரும் நீரை வடிக்கிறார்கள். காரின் டிரையருக்கோ பெரும்பாலான சர்வீஸ் அட்டவணைகளில் இடமே இல்லை. வண்டியின் ஆயுள் முழுதும் தாங்கும் என்று விட்டுவிடுகிறார்கள். நம் கடற்கரை நகரங்களின் ஈரக்காற்றில் அந்த நம்பிக்கை பலிக்காது. ஐந்தாறு ஆண்டுகளுக்கு ஒருமுறையேனும் டிரையரைத் திறந்து சிலிக்கா மணிகளை மாற்றச் சொல்லுங்கள். செய்யத் தெரிந்த மெக்கானிக்குக்கு அது பெரிய வேலையன்று.

கேள்வி: தொல்லையே வேண்டாம் என்று சாதாரண காயில் ஸ்பிரிங்குக்கு மாற்றிவிடலாமா? பஞ்சர் ஒட்டும்போது கவனிக்கவேண்டியது ஏதும் உண்டா?
– ஒரு வாசகர், நாகர்கோவில்

பதில்: இந்த ஆசை புதிதன்று. அமெரிக்காவில் 1957ஆம் ஆண்டு காடிலாக் எல்டொராடோ பிரௌம் ஏர் சஸ்பென்ஷனோடு வந்தபோது, கசிவைத் தாங்கமாட்டாமல் காயில் ஸ்பிரிங்குக்கு மாறிய உரிமையாளர்கள் பலர். இன்றும் மாற்றுவதற்கான கிட்டுகள் கிடைக்கின்றன. ஆனால் இன்றைய கார்களில் ஷாக் அப்சார்பர், ஹெட்லைட்டின் கோணம், நிலைத்தன்மைக் கட்டுப்பாடு ஆகியவை உயரச் சென்சாரோடு பின்னிக் கிடப்பதால், மாற்றியபின் எச்சரிக்கை விளக்குகள் அணையாமல் எரிவதைப் பல வண்டிகளில் காணலாம். தயாரிப்பாளர் நிர்ணயித்த அமைப்பை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. காப்பீட்டுக் கோரிக்கையிலும் சிக்கல் எழலாம். பழைய வண்டியை இன்னும் நெடுங்காலம் வைத்துக்கொள்ளப் போகிறவராக இருந்தாலும், நல்ல தரமான பைகளைப் போட்டு அப்படியே ஓட்டுவதைத்தான் நான் பரிந்துரைப்பேன்.

பஞ்சர் விஷயத்தில் கவனம் கட்டாயம் வேண்டும். ஜாக்கி வைப்பதற்கு முன், மெனுவில் உயரச் சரிசெய்தலை நிறுத்திவைக்கும் 'ஜாக் மோடு' இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். இல்லையெனில் உங்கள் காரின் கையேடு சொல்லும் முறையைப் பின்பற்றுங்கள். அப்படிச் செய்யாவிட்டால், தூக்கிய வண்டியைச் சமப்படுத்த முயன்று அமைப்பு பையிலிருந்து காற்றை வெளியேற்றிவிடக்கூடும். காற்றில்லாத பையின்மேல் வண்டியின் எடையை இறக்கினால், மடிப்பு தவறான இடத்தில் விழுந்து ரப்பர் நசுங்கிவிடும். வழியில் வண்டி முற்றிலும் தாழ்ந்துவிட்டால் கயிறு கட்டி இழுக்கச் சம்மதிக்காதீர்கள். நான்கு சக்கரங்களையும் மேலே ஏற்றிச்செல்லும் மீட்பு வண்டியைக் கேட்டு அழையுங்கள்.