நிறுவனம் திரும்பப் பெற்ற பொட்டலத்தில் பாதியைச் சாப்பிட்டுவிட்டோம், இப்போது என்ன செய்வது?

முதலில் மீதிப் பொட்டலம். லிஸ்டீரியா என்ற கிருமி இருக்கலாம் என்று சொல்லித் திரும்பப் பெற்ற உறைந்த காய்கறி, தொகுதி எண்ணும் அறிவிப்போடு பொருந்துகிறது என்கிறீர்கள். அப்புறம் "வாசனை நன்றாகத்தானே இருக்கிறது, கொதிக்கவைத்தால் போதாதா" என்று ஏன் யோசனை? இந்தக் கிருமி வாசனையையோ நிறத்தையோ மாற்றாது. நன்றாக வேகவைத்தால் சாகும், உண்மைதான். ஆனால் பிரிக்கும்போதே கை, கத்தி, பலகை என்று பரவிவிடும். கடையில் பணம் திரும்பக் கிடைக்கும் என்றால் மறுபடி திறக்காமல் கொடுத்துவிடுங்கள், இல்லையென்றால் மூடிக் கட்டிக் குப்பையில் போடுங்கள்.

உறைநிலையில் அது சாகாது, வளராமல் இருக்கும், அவ்வளவுதான். குளிர்சாதனப் பெட்டியின் 4 டிகிரியிலோ மெதுவாக வளரவே செய்யும். அதனால் பெட்டியில் பொட்டலம் இருந்த அடுக்கைச் சோப்புத் தண்ணீரால் கழுவுங்கள்.

உங்கள் மனைவி ஆறு மாதக் கர்ப்பம் என்பதுதான் இதில் முக்கியம். இரண்டு வாரம் ஆகிவிட்டது, ஒன்றுமில்லை என்று விட்டுவிட வேண்டாம். அறிகுறி தெரிய 70 நாள் வரைகூட ஆகலாம். மருத்துவரிடம் இப்போதே சொல்லி வையுங்கள். காய்ச்சலோ உடம்பு வலியோ வந்தால் அன்றே போங்கள். ஆன்டிபயாடிக்கில் குணப்படுத்தலாம். சாப்பிட்ட எல்லோருக்கும் நோய் வருவதில்லை என்பதையும் மனைவியிடம் சொல்லுங்கள்.

அந்த நிறுவனத்தின் பொருளை இனி வாங்கலாமா என்ற கேள்விக்கு: நான் வாங்குவேன். தானே சோதித்துத் தானே அறிவித்த நிறுவனமா, ஆட்கள் படுத்த பிறகு வாய் திறந்ததா என்பதை மட்டும் அறிவிப்பில் பார்ப்பேன்.