மஹ்ஃபூஸின் கெய்ரோ முத்தொகுதி: அரசியல் பக்கங்களைத் தள்ளிவிடலாமா?

வணக்கம். எகிப்திய எழுத்தாளர் மஹ்ஃபூஸின் இந்த மூன்று நாவல்களில் முதல் நாவல் பாதிவரை வீட்டுக் கதையாகப் போய், திடீரென ஸக்லூல், வஃப்து என்று வந்ததும் பிடி கிடைக்கவில்லை, அந்தப் பக்கங்களைத் தள்ளிவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து தள்ளாதீர்கள், நாவலின் உயிரே அங்கேதான் இருக்கிறது.

மூன்று தேதிகள் தெரிந்தால் போதும். 1914 டிசம்பரில் பிரிட்டன் எகிப்தைத் தன் பாதுகாப்பு நாடாக, அதாவது தன் பிடியில் உள்ள நாடாக, அறிவித்தது. 1918 நவம்பர் 13 அன்று எகிப்திய விடுதலைத் தலைவர் ஸஅத் ஸக்லூல் இரண்டு தோழர்களுடன் பிரிட்டிஷ் உயர் ஆணையரிடம் போய் விடுதலை கேட்டார். அந்த முயற்சியிலிருந்து பிறந்ததுதான் வஃப்து கட்சி. 1919 மார்ச் 8-இல் அவரைக் கைதுசெய்து மால்டாவுக்கு அனுப்பினார்கள். மறுநாளே மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். நாவலில் வரும் வீட்டின் மகன் ஃபஹ்மி அப்பாவுக்குத் தெரியாமல் துண்டறிக்கை கொடுப்பது இந்த அலையில்தான்.

இனி அப்பாவைக் கவனியுங்கள். வீட்டில் அவர் முன்னால் யாரும் வாய் திறக்க முடியாது. அதே மனிதரை இரவில் பிரிட்டிஷ் சிப்பாய்கள் மறித்து, பள்ளத்தை மூட மண் சுமக்க வைக்கிறார்கள். அந்த அத்தியாயத்தை மட்டும் இரண்டு முறை படியுங்கள்.

நாஸர் ஆட்சியை இதற்குள் தேட வேண்டாம். அச்சில் வந்தது 1956-57 என்றாலும், பின்னாளில் எகிப்தில் நாஸரை ஆட்சிக்குக் கொண்டுவந்த 1952 ஜூலைப் புரட்சிக்கு முன்பே மஹ்ஃபூஸ் எழுதி முடித்துவிட்டார்.