தொலைவில் இரட்டைப் பார்வையும் பிரிசக் கண்ணாடியும்

வணக்கம். தொலைவில் உள்ளவை பக்கவாட்டில் இரண்டாகத் தெரிவதாகவும், ஒளியை வளைக்கும் ஆப்பு வடிவக் கண்ணாடியான பிரிசத்தை, கண்ணுக்கு 2 பிரிசம் டையாப்டர் (அதன் வலிமையின் அலகு) வீதம் தந்திருப்பதாகவும், அது கண்ணைச் சோம்பலாக்குமோ என்றும் கேட்டிருந்தீர்கள்.

எந்தக் கண்ணை மூடினாலும் இரட்டை மறைகிறது என்று நீங்கள் குறிப்பிட்டதே முக்கியமானது; மறையாவிட்டால் குறை பெரும்பாலும் கருவிழியிலோ விழிலென்ஸிலோ இருக்கும், அதற்குப் பிரிசம் உதவாது. உங்கள் கண்கள் சற்று உள்நோக்கித் திரும்புவதால், ஒரே பொருளின் பிம்பம் இரு விழித்திரைகளிலும் பொருந்தாத இடங்களில் விழுகிறது. பிரிசம் ஒளியைத் தன் தடித்த அடிப்பக்கம் நோக்கி வளைக்க, பார்ப்பவருக்குப் பொருள் மெல்லிய முனைப்பக்கம் நகர்ந்ததாகத் தோன்றும். 1 பிரிசம் டையாப்டர் என்பது 1 மீட்டர் தொலைவில் 1 செ.மீ. விலக்கம். உங்களுக்கு அடிப்பக்கம் காதை நோக்கி இருப்பதால், விழி திரும்பியுள்ள திசைக்கே பிம்பம் வந்து சேர்கிறது. மொத்த அளவான 4-ஐ இரு கண்ணுக்கும் பகிர்ந்தது, கண்ணாடியின் தடிமனும் ஓரங்களில் தெரியும் நிறப்பிசிறும் குறைவதற்காகத்தான்.

பிரிசம் தசையைக் குணப்படுத்துவதில்லை. கண்கள் இத்தனை நாள் வலிந்து செய்த இணைப்பு வேலையைத் தான் ஏற்கிறது. ஆகவே கழற்றியதும் இரட்டை முன்பைவிடத் தெளிவாகத் தெரியலாம். அதைக் கண் கெட்டதாக எண்ணி அஞ்ச வேண்டாம். ஆயினும், சிலருக்குப் பின்னாளில் அளவைக் கூட்ட நேரும் என்பதால், மறுபரிசோதனையைத் தவறவிடாதீர்கள். தயக்கம் நீங்காவிட்டால், பழைய கண்ணாடியின் மேல் ஒட்டும் மெல்லிய ஃபிரெனல் பிரிசத் தாளைச் சில வாரம் முயன்று பார்க்கலாமா என்று கேளுங்கள். பார்வை சற்று மங்கும், ஆனால் எளிதில் அகற்றிவிடலாம்.

இரட்டைப் பார்வை திடீரென அதிகரித்தாலோ, கடும் தலைவலியோ இமைத் தொய்வோ சேர்ந்தாலோ, அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.