பக்கத்து வீட்டுக்குக் கேட்கும் ஜெபம்

கேள்வி: அன்புள்ள அக்காவுக்கு ஸ்தோத்திரம். களியக்காவிளைப் பக்கம் எங்கள் ஊர். நான் அண்டி ஆபீசில், அதாவது முந்திரி ஆலையில், பருப்புத் தோல் உரிக்கப் போகிறேன். வியாழக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டில் சபையார் கொஞ்சம் பேர் கூடி ஜெபிப்போம். பல வருஷமாக நடக்கிற கூட்டம். சில மாதங்களுக்கு முன்னால் நாலைந்து பையன்கள் வாசலில் வந்து நின்று, "இங்கே மதம் மாத்துறீங்களா?" என்று சத்தம் போட்டு, போனில் படமும் பிடித்தார்கள். அதிலிருந்து பக்கத்து வீட்டு அக்கா என் முகத்தைப் பார்ப்பதில்லை. அவர் வீட்டுக்காரருக்கு டயாலிசிஸ் நடக்கிறது. முன்பெல்லாம் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது வீட்டுச் சாவியை என்னிடம்தான் கொடுத்துவிட்டுப் போவார். வேலையிடத்திலும் "காசு வாங்கி மாறின கூட்டம்" என்று ஜாடை பேசுகிறார்கள். சபையில் பெரியவர்கள் கூட்டத்தை நிறுத்து என்கிறார்கள். வாலிபர்களோ பெட்டி ஸ்பீக்கர் வைத்து இன்னும் சத்தமாக நடத்துவோம் என்கிறார்கள். எங்கள் ஜெபமும் இப்போது முழுக்கச் சத்துருக்களைப் பற்றியே ஆகிவிட்டது. ஜெபித்து எழுந்தாலும் மனசு லேசாகவில்லை. என்ன செய்வது?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புச் சகோதரி, கூட்டத்தை நிறுத்த வேண்டாம். ஸ்பீக்கரும் வேண்டாம். மனசாட்சிப்படி நம்பவும், அந்த நம்பிக்கைப்படி நடக்கவும், அதை எடுத்துச் சொல்லவும் நமக்கு உரிமை உண்டு என்று அரசியல் சாசனத்தின் 25-ஆம் பிரிவு சொல்கிறது. பொது அமைதிக்கு உட்பட்டு என்ற நிபந்தனையும் அதிலேயே இருக்கிறது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி, எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது. இது கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் நமக்கும் ஒன்றுதான். ஒரு சின்ன வீட்டுக்குள் உட்கார்ந்து ஜெபிக்கிறவர்களுக்குக் குரலே போதும்.

ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது கடைசியில் நீங்கள் எழுதியதுதான். ஜெபித்து எழுந்தாலும் மனசு லேசாகவில்லை என்கிறீர்கள். அதைப் பற்றித்தான் நிறையப் பேச வேண்டும்.

நம் பக்கத்து வீடுகள் எப்படி இருக்கின்றன என்று உங்களுக்குச் சொல்லவே வேண்டாம். ஒரு வீட்டு ஜன்னலுக்கும் அடுத்த வீட்டு அடுக்களைக்கும் நடுவில் ஒரு மதில், நாலு வாழை, அவ்வளவுதான். "சத்துருவை முறியடியும், விரோதமாய் எழும்புகிறவர்களை வெட்கப்படுத்தும்" என்று பத்துப் பேர் சேர்ந்து குரல் உயர்த்தும்போது, அந்தப் பக்கம் நோயாளிக் கணவனுக்குக் கஞ்சி வைத்துக்கொண்டிருக்கும் அந்த அம்மாவுக்கு எல்லாம் தெளிவாகக் கேட்கும். நீங்கள் பிசாசை நினைத்துச் சொல்லியிருப்பீர்கள். அவருக்கு அது தெரியுமா? பையன்கள் வந்துபோன அடுத்த வாரம் அதைக் கேட்டவர் தன்னைத்தான் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டிருந்தால், அவர்மேல் குற்றமில்லை. அவர் பேசாமல் போனதற்கு இதுதான் காரணம் என்று நான் அடித்துச் சொல்லவில்லை. ஆனால் இனி ஜெபிக்கும்போது, அந்த அக்கா நம்மோடு பாயில் உட்கார்ந்திருந்தால் இந்த வார்த்தையைச் சொல்வோமா என்று யோசித்துப் பாருங்கள். சொல்ல மாட்டோம் என்றால் அந்த ஜெபத்தை மாற்றுங்கள்.

அப்படியானால் சத்துருக்களைச் சபிக்கிற 109-ஆம் சங்கீதம் வேதத்தில் ஏன் இருக்கிறது என்று உங்கள் வாலிபர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. நெஞ்சில் இருக்கும் கசப்பைக் கர்த்தரிடம் கொட்டலாம். அவர் முன்னால் நல்லவர் வேஷம் போடத் தேவையில்லை. அதைத் தனியறையில் கதவைப் பூட்டிக்கொண்டு கொட்டுங்கள். கூட்டமாக ஜெபிப்பதற்கு மாதிரி வேண்டுமென்றால் அப்போஸ்தலர் நடபடிகள் 4-ஆம் அதிகாரம் இருக்கிறது. இயேசுவின் நாமத்தில் பேசவே கூடாது என்று ஆலோசனைச் சங்கத்தார் பேதுருவையும் யோவானையும் பயமுறுத்தி அனுப்புகிறார்கள். இருவரும் நேராகத் தங்களைச் சேர்ந்தவர்களிடம் வந்து நடந்ததைச் சொல்ல, எல்லாரும் ஒருமனப்பட்டு ஜெபிக்கிறார்கள். இயேசுவுக்கு விரோதமாகக் கூடிய ஆட்சியாளர்களான ஏரோதையும் பிலாத்துவையும் பெயர் சொல்லியே கர்த்தரிடம் முறையிடுகிறார்கள், எதையும் மூடி மறைக்கவில்லை. அப்புறம் கேட்டது என்ன? அவர்கள் பயமுறுத்தல்களை நீர் பார்த்துக்கொள்ளும், வசனத்தைச் சொல்ல எங்களுக்குத் தைரியம் தாரும், பிணியாளிகள் குணமாக உம்முடைய கரத்தை நீட்டும். பயமுறுத்தினவர்களை அழித்துப்போடும் என்று அந்த ஜெபத்தில் ஓர் இடத்திலும் இல்லை. பிணியாளிகளுக்காகக் கேட்டார்கள் என்பதைக் கவனியுங்கள். உங்கள் மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு பிணியாளி இருக்கிறார்.

வருகிற வியாழக்கிழமை இப்படி ஜெபித்துப் பாருங்கள். ஒருவர் சொல்ல மற்றவர்கள் பின்சொல்லலாம்:

"கர்த்தாவே, எங்கள் வாசலில் வந்து நின்ற பிள்ளைகளை நீர் அறிவீர். எங்களுக்குப் பயமாக இருந்தது, கோபமும் வந்தது. இரண்டையும் உமக்கு மறைக்கவில்லை. அந்தப் பிள்ளைகளுக்கு நல்ல வேலையையும் வீட்டில் சமாதானத்தையும் தாரும். பக்கத்து வீட்டில் நோயோடு இருப்பவரைத் தொட்டுச் சுகமாக்கும். அவரைக் கவனிக்கிற எங்கள் அக்காவுக்குப் பெலன் தாரும். எங்கள் வாய் யாரையாவது புண்படுத்தியிருந்தால் எங்களை மன்னியும். பயந்து ஒளியாமலும் வீம்புக்கு நிற்காமலும் இந்த ஊரில் உம்முடைய பிள்ளைகளாக நடக்க எங்களுக்குத் தைரியம் தாரும். ஆமென்."

இதை ஜன்னலைத் திறந்துவைத்தே ஜெபிக்கலாம்.

எதிர்ப்பு நம் நாட்டுக்குப் புதிதில்லை. நட்டாலத்தில் பிறந்த தேவசகாயம் பிள்ளை 1745-ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றார். 1752 ஜனவரி 14 அன்று காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். பெண்கள் மேல் உடம்பை மறைத்து உடுத்தும் உரிமையை ஒட்டி எழுந்த தோள்சீலைக் கலவரத்தில், 1820-களின் கடைசியில், ஆலயங்களையும் பள்ளிகளையும் கொளுத்தினார்கள். இதையெல்லாம் நம் பிரசங்கங்களில் அடிக்கடி கேட்கிறோம். ஆனால் அந்தக் கதையின் மற்றொரு பாதியைச் சொல்லாமல் விடுகிறோம், அதில் எனக்கு வருத்தம் உண்டு. மேல்சீலை மறுக்கப்பட்டது கிறிஸ்தவப் பெண்களுக்கு மட்டுமல்ல. கிறிஸ்தவர்களாகாத பெண்களும் அதே அவமானத்தைத் தாங்கினார்கள். சாமித்தோப்பில் ஐயா வைகுண்டர் தம் மக்களைத் தலைப்பாகை கட்டி நிமிர்ந்து நிற்கச் சொன்னார், அவரும் சிறையில் அடைக்கப்பட்டார். 1859 ஜூலை 26-ல் வந்த திருவிதாங்கூர் மகாராஜாவின் பிரகடனம் இரு சாராருக்கும் சேர்த்தே மேல் உடம்பை மறைக்க அனுமதி தந்தது, அதுவும் மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடு. உங்கள் பூட்டியும் அந்த அக்காவின் பூட்டியும் ஒரே கொடுமைக்குத் தப்பி வந்தவர்களாக இருக்கலாம். பாடுபட்டவர்கள் நாம் மட்டும்தான் என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்த்தால், அக்கம்பக்கத்தார் எல்லாரும் அவர்களுக்கு ஏரோதாகத்தான் தெரிவார்கள்.

வேலையிடத்து ஜாடைப் பேச்சுக்கு அதிகம் மெனக்கெட வேண்டாம். பேசுகிறவர்களில் ஒருத்தரைத் தனியாகப் பார்த்து, "என்னைப் பற்றி என்ன கேட்கணுமோ என்னிடமே கேளுங்க" என்று ஒரு தடவை சொல்லுங்கள். விசாரித்துக் கேட்கிறவர்களுக்குச் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் உத்தரவு சொல்லத்தான் பேதுரு சொல்கிறார் (1 பேதுரு 3:15). கேட்காதவர்கள் பின்னால் ஓட வேண்டியதில்லை.

பையன்கள் மறுபடி வந்தால் என்ன செய்வது? போன் கேமராவுக்கு முன்னால் வாக்குவாதம் வேண்டாம். சபையில் நிதானமான பெரியவர் ஒருவர் மட்டும் எழுந்து போய்ப் பேசட்டும். உள்ளே நுழைந்தாலோ கை வைத்தாலோ 112-க்குப் போன் செய்யுங்கள். போதகரோடும் இரண்டு சாட்சிகளோடும் போய் எழுத்தில் புகார் கொடுங்கள். முதல் தகவல் அறிக்கை பதிவானால் அதன் நகலை இலவசமாகத் தர வேண்டும் என்பது சட்டம், கேட்டு வாங்குங்கள். புகார் கொடுப்பது விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால், வாரினால் அடிக்கக் கட்டினபோது தன் ரோமக் குடியுரிமையை எடுத்துச் சொல்லி நியாயம் கேட்ட பவுலைக் காட்டுங்கள் (அப்போஸ்தலர் 22:25). அந்தப் பையன்களுக்காக ஜெபிப்பதும் சட்டத்தின் துணையைத் தேடுவதும் ஒன்றுக்கொன்று முரண் இல்லை.

இனி பக்கத்து வீட்டு அக்கா. அவரைப் பார்க்க நீங்கள் தனியாகப் போங்கள். கூட்டமாகப் போக வேண்டாம், கையில் வேதப்புத்தகமோ கைப்பிரதியோ வேண்டாம். டயாலிசிஸ் நாளன்று காலையில், அவர் கிளம்புகிற நேரத்தில் மதிலருகே நின்று, "அக்கா, சாவியைத் தந்துட்டுப் போங்க, நான் வேலைக்குப் போகும்போது எங்க வீட்டுல குடுத்து வைக்கேன்" என்று கேளுங்கள். எங்கள் ஜெபம் உங்களை நோகடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள் என்பதையும் சொல்லிவிடுங்கள். உங்களுக்காக ஜெபிக்கட்டுமா என்று அவர் வாசலில் நின்று கேட்காதீர்கள். ஜெபத்தை உங்கள் வீட்டிலேயே செய்யலாம். முதல் நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனால் போகட்டும். அடுத்த டயாலிசிஸ் நாளும் வரும், அன்றைக்கும் கேளுங்கள்.

ஸ்பீக்கர் கேட்ட வாலிபர்களில் யாரிடமாவது ஆட்டோவோ காரோ இருக்கிறதா? அந்த அக்கா பேசத் தொடங்கியபின், அவருக்குச் சம்மதமா என்று கேட்டுவிட்டு, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகும் பொறுப்பை அவர்களிடம் முறை வைத்துக் கொடுங்கள். அதைப் படம் பிடித்து ஸ்டேட்டஸ் போடக் கூடாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.