‘14-ஆம் நாள்’ படுத்தும் பாடு

கேள்வி: எனக்கு வயது 29, கணவருக்கு 34. ஒன்பது மாதமாகக் குழந்தைக்கு முயல்கிறோம். அவருக்கு ஐ.டி.யில் நைட் ஷிப்ட். எனக்கு வங்கியில் ஆடிட், டார்கெட் என்று ஓயாத நெருக்கடி. 30 நாளுக்கு ஒருமுறை சரியாக வந்துகொண்டிருந்த மாதவிடாய் இப்போது 38, 40, 42 நாள் என்று தள்ளிப்போகிறது. 14-ஆம் நாளை ஒட்டிச் சேர வேண்டும் என்று கணக்கு வைத்தால், அந்த நாட்களில் மட்டும் அவருக்கு விறைப்பு நிற்பதில்லை. மற்ற நாட்களில் பிரச்சினை இல்லை. எல்லாவற்றுக்கும் டென்ஷன்தான் காரணமா?

பதில்: டென்ஷனுக்குப் பங்கு உண்டு. ஆனால், முதலில் காலண்டரைத் திருத்துங்கள். மனதைப் பிறகு பார்ப்போம்.

14-ஆம் நாள் முட்டை வெளிவரும் என்பது 28 நாள் சுழற்சிக்கான கணக்கு. முட்டை வெளிவந்ததிலிருந்து அடுத்த மாதவிடாய் வரையிலான காலம் பெரிதாக மாறாது. பெரும்பாலோருக்கு 12 முதல் 14 நாள். நீள்வது அதற்கு முந்தைய பகுதிதான். மூளையின் ஹைப்போதலாமஸ் சுமார் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு ஹார்மோனை விட்டுவிட்டுச் சுரக்கிறது. அது மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்ட, அதன் பலனாகச் சினைப்பையில் முட்டை முதிர்கிறது. தூக்கக் குறைவு, நேரத்துக்குச் சாப்பிடாமை, தீராத கவலை எல்லாம் சேர்ந்து அழுத்த ஹார்மோன்களைக் கூட்டும்போது அந்தச் சுரப்பின் வேகம் குறைகிறது. முட்டை முதிர நாள் பிடிக்கிறது.

உங்கள் 40 நாள் சுழற்சியில் முட்டை வருவது ஏறக்குறைய 26-ஆம் நாள். விந்தணு உள்ளே ஐந்து நாள் வரை உயிரோடு இருக்கும்; முட்டைக்கு 12 முதல் 24 மணி நேரம்தான் ஆயுள். எனவே வாய்ப்புள்ள நாட்கள் 21 முதல் 26 வரை. நீங்கள் இருவரும் தவித்த நாட்களில் பெரும்பாலும் முட்டையே வந்திருக்காது.

உறுதிசெய்ய வேண்டுமானால், முட்டை வெளிவருவதற்குச் சற்று முன் சிறுநீரில் கூடும் எல்.எச். ஹார்மோனைக் காட்டும் ஸ்ட்ரிப்பை மருந்துக் கடையில் வாங்கி 21-ஆம் நாளிலிருந்து தினமும் ஒரே நேரத்தில், மதியத்துக்கு மேல் பாருங்கள். அதற்கு முன் இரண்டு மணி நேரம் அதிகம் தண்ணீர் குடிக்க வேண்டாம். சிறுநீர் நீர்த்துப்போனால் கோடு தெரியாது. பாசிட்டிவ் ஆனதிலிருந்து 24 முதல் 36 மணி நேரத்தில் முட்டை வெளிவரும். நாள் கணக்காகப் பாசிட்டிவ் ஆகவே காட்டினால் அது பி.சி.ஓ.எஸ். எனும் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினையாக இருக்கலாம். இன்னொன்று: முட்டை வெளிவந்த பிறகு கூடும் ஹார்மோனைப் பார்க்கும் ‘21-ஆம் நாள் புரோஜெஸ்டிரோன்’ ரத்தப் பரிசோதனையை அப்படியே 21-ஆம் நாள் எடுத்தால், உங்களுக்கு முட்டையே வரவில்லை என்று தப்பாகக் காட்டும். மாதவிடாயை எதிர்பார்க்கும் நாளுக்கு ஏழு நாள் முன்பு, அதாவது 33-ஆம் நாளை ஒட்டி எடுக்க வேண்டும்.

தள்ளிப்போவதை மொத்தமாக டென்ஷன் தலையில் கட்டிவிடக் கூடாது. நாள் தள்ளினால் முதலில் கர்ப்பப் பரிசோதனை, பிறகு தைராய்டுக்கான டி.எஸ்.எச்., பால் சுரப்புக்கான ஹார்மோனான புரோலாக்டின், தேவைப்பட்டால் ஸ்கேன். புரோலாக்டின் பதற்றத்திலேயே ஏறும். மாடிப்படி ஏறி வந்த வேகத்தில் கையை நீட்டாமல், கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு ரத்தம் கொடுங்கள். லேசாகக் கூடியிருந்தால் மறுபடி பார்த்துவிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

இனி உங்கள் கணவர். விறைப்புக்கு ஆணுறுப்பின் ரத்தக்குழாய்த் தசைகள் தளர வேண்டும். ‘இன்றைக்கு விட்டால் ஒரு மாதம் போச்சு’ என்ற நினைப்பில் ஊறும் அட்ரினலின் அதே தசைகளை இறுக்கிவிடுகிறது. மற்ற நாட்களில் சரியாக இருப்பதும், தூங்கி எழும்போது விறைப்பு இருப்பதும் குழாய், நரம்பு இரண்டும் நலம் என்பதற்கு நல்ல அடையாளம். எப்போதுமே நிற்கவில்லை என்றால் கதை வேறு: சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு, ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் பார்த்தே ஆக வேண்டும். ஆணுறுப்பின் ரத்தக்குழாய்கள் இதயத்தின் குழாய்களைவிட மெல்லியவை என்பதால், அடைப்பு சில சமயம் அங்கேதான் முதலில் தலைகாட்டும்.

டெஸ்டோஸ்டிரோனைக் காலையில் பார்ப்பது வழக்கம். நைட் ஷிப்ட்காரருக்கு அது பொருந்தாது. அவர் நன்றாகத் தூங்கி எழுந்த இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். தூக்கத்துக்கும் இந்த ஹார்மோனுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. 2011-இல் சிகாகோவில் இளைஞர்களை ஒரு வாரம் இரவுக்கு ஐந்து மணி நேரம் மட்டுமே தூங்க வைத்துப் பார்த்ததில், பகல் நேர அளவு 10 முதல் 15 சதவீதம் குறைந்தது. ஆகவே, ஷிப்ட் முடிந்து வந்ததும் இருட்டறையில் ஒரே மூச்சாக ஏழு மணி நேரத் தூக்கம் வேண்டும்.

விந்துப் பரிசோதனைக்கு, கடைசியாக விந்து வெளியேறியதிலிருந்து 2 முதல் 7 நாள் இடைவெளி தேவை. லேபில் வைத்து முடியாது என்றால் வீட்டில் எடுக்க அனுமதி கேளுங்கள். டப்பாவை உடம்போடு ஒட்டி வைத்து ஒரு மணி நேரத்துக்குள் சேர்த்துவிட வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேட்டின்படி மில்லி லிட்டருக்கு 1.6 கோடி அணுக்கள், 42 சதவீத அசைவு ஆகியவை கீழ் எல்லை. ஒரு ரிப்போர்ட்டை வைத்துப் பயப்பட வேண்டாம். விந்தணு உருவாகச் சுமார் 74 நாள் ஆகும் என்பதால், இன்றைய எண்ணிக்கை இரண்டு மூன்று மாதத்துக்கு முந்தைய காய்ச்சலையும் தூக்கத்தையும் காட்டும். இன்று திருத்துவதன் பலனும் மூன்று மாதம் கழித்தே தெரியும்.

‘நரம்புத் தளர்ச்சி’ விளம்பரங்களை நம்பாதீர்கள். ஜிம்மில் சொல்லும் டெஸ்டோஸ்டிரோன் ஊசி விந்தணு உற்பத்தியையே நிறுத்திவிடக்கூடும். விறைப்புக்கான சில்டெனாஃபில் மாத்திரையை மருத்துவர் சீட்டு இல்லாமல் வாங்க வேண்டாம். இதயத்துக்கு நைட்ரேட் மருந்து சாப்பிடுபவருக்கு அது உயிராபத்து.

படுக்கையறைக்கு என் யோசனை: ஒரு மாதம் குழந்தை முயற்சிக்கு விடுமுறை விடுங்கள். வாரம் இரண்டு முறை, அரை மணி நேரம், ஒருவரை ஒருவர் தொடுவது மட்டும். முதல் இரண்டு வாரம் மார்பும் பிறப்புறுப்பும் விலக்கு. அடுத்த இரண்டு வாரம் அவற்றையும் தொடலாம், உறவு கிடையாது, விறைப்பு வந்தாலும்கூட. தேர்வே இல்லாதபோது தோற்க வழியில்லை. பிறகு, நாள் பார்க்காமல் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை சேர்ந்தாலே போதும். ஸ்ட்ரிப் பார்த்தாலும் முடிவை அவரிடம் சொல்லாதீர்கள். வறட்சியால் வலி இருந்தால் எச்சில் வேண்டாம், அது விந்தணுவின் அசைவைக் குறைக்கும். விந்தணுவைப் பாதிக்காத ஜெல் எது என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

‘டென்ஷனை விடு, கரு தானாக நிற்கும்’ என்று உறவினர்கள் சொன்னால், அதைக் காதில் வாங்க வேண்டியதில்லை. குழந்தைப்பேறு சிகிச்சை எடுத்த 3,583 பெண்களைப் பற்றிய 14 ஆய்வுகளை 2011-இல் தொகுத்துப் பார்த்தபோது, சிகிச்சைக்கு முன் இருந்த மன அழுத்தம் கரு தங்குவதைத் தடுத்ததாகத் தெரியவில்லை.

35 வயதுக்குக் கீழே ஒரு வருடம் முயன்று பார்க்கலாம் என்பது பொது விதி. உங்கள் சுழற்சி 35 நாளைத் தாண்டுவதால் காத்திருக்க வேண்டாம். இருவரும் சேர்ந்தே போங்கள். கடைசி ஆறு மாதவிடாய்த் தேதிகள், எடையில் ஏற்பட்ட மாற்றம், இருவரும் சாப்பிடும் மாத்திரைகள் ஆகியவற்றை எழுதி எடுத்துச் செல்லுங்கள். மனச்சோர்வு மாத்திரைகளில் சில ஆசையையும் விந்து வெளியேறுவதையும் மந்தமாக்கும். யாராவது சாப்பிட்டுக்கொண்டிருந்தால் தானாக நிறுத்தாமல் அதை எழுதியவரிடமே சொல்லுங்கள். நீங்கள் தினமும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலத்தை இப்போதே தொடங்கிவிடலாம்.