சோயா மெழுகுவர்த்தி: பற்ற வைத்தால் மணமே இல்லை, நடுவில் குழி

வீட்டுல செஞ்ச சோயா மெழுகுவர்த்தி (சோயா எண்ணெயிலேர்ந்து எடுக்கிற மெழுகு) பத்த வெச்சா மணமே வரலை, நடுவில குழி விழுது, மேல வெள்ளையா பூத்திருக்குன்னு கேட்டிருக்கீங்க. 200 கிராம் மெழுகுக்கு 20 சொட்டு மல்லிகை எண்ணெய்னும் எழுதியிருக்கீங்க. மணம் வராததுக்குப் பிரச்சினையே அங்கதான். 20 சொட்டுன்னா ஏறக்குறைய ஒரு கிராம். அது வெறும் அரை சதவீதம்தான். பொதுவா 6 முதல் 10 சதவீதம் வேணும். 8 சதவீதம் வெச்சா 16 கிராம். சொட்டுக் கணக்கை விட்டுட்டு சின்ன டிஜிட்டல் தராசு ஒண்ணு வாங்கிடுங்க. வாங்கின எண்ணெய் மெழுகுவர்த்திக்கு ஏத்ததான்னும் பாருங்க. சமையல் எசன்ஸ், ஸ்பிரே சென்ட் வேண்டவே வேண்டாம்.

மெழுகைக் கொதிக்கிற தண்ணிப் பாத்திரத்துக்கு மேல வெச்சு உருக்குங்க, நேரா அடுப்புல வேண்டாம். 80–85 டிகிரியில எண்ணெயை ஊத்தி, ரெண்டு நிமிஷம் மெதுவா கலக்குங்க. 60 கிட்ட இறங்கினதும் ஜாடியில ஊத்தலாம்.

அப்புறம் மறுநாளே கொளுத்திப் பார்த்தேன்னு சொல்றீங்களே! சோயா ஊறணும்ங்க, ஊறுகாய் மாதிரி. மூடி போட்டு ரெண்டு வாரம் விடுங்க. நானும் முதல் தடவை பொறுக்காம மூணாம் நாளே பத்த வெச்சு, எண்ணெய்க்காரரைத்தான் திட்டினேன்.

குழி விழறதுக்குக் காரணம் பெரும்பாலும் திரி மெலிசா இருக்கிறது. உங்க 8 செ.மீ. அகல ஜாடியில மூணு மணி நேரத்துக்குள்ள மேல்மெழுகு ஓரம் வரைக்கும் உருகணும். உருகலைன்னா அடுத்த அளவுத் திரி போடுங்க. முதல் தடவை பாதியில அணைக்காதீங்க, ஃபேனுக்குக் கீழயும் வெக்காதீங்க.

மேல வெள்ளையா பூத்திருக்கே, அது சோயாவோட குணம். அதை விட்டுடுங்க.