பம்பையை எடுத்துட்டு வரலாமாண்ணா?

தம்பி, காட்பாடியிலிருந்து நீ எழுதினதைப் படிச்சேன். சிங்கப்பூர்ல வேலை செய்ய எஸ் பாஸ்ன்ற அனுமதி கிடைச்சிருக்கு, அடுத்த மாசம் கிளம்பணும், அங்க திருட்டு வழிப்பறி உண்டாண்ணா, குப்பை போட்டா நெஜமாவே ஃபைனா, ரூம்ல பம்பை அடிச்சா யாராச்சும் கேப்பாங்களா, வாடகை எவ்ளோ, சாப்பாடு எப்டின்னு ஒரே மூச்சுல கேட்டிருக்க. வாடகையும் சாப்பாடும் வந்த ரெண்டே நாள்ல தானா தெரிஞ்சிடும். வேலூர் கத்திரியைப் பார்த்தவனுக்கு இந்த ஊர் வெயில் ஒண்ணும் பண்ணாது, வேர்வைதான் காயாது. அத்தோட விடு.

திருட்டுக்கு வர்றேன். ராத்திரி ரெண்டு மணிக்கு ஷிஃப்ட் முடிச்சு எத்தனையோ நாள் தனியா நடந்து வந்திருக்கேன், ஒருத்தன் ஏன்னு கேட்டதில்ல. உணவங்காடியில இடம் பிடிக்க மேசை மேல ஒரு டிஷ்யூ பாக்கெட்டை வெச்சிட்டுப் போவாங்க, சில பேர் போனையே வெச்சிட்டுப் போவாங்க. பழைய பஸ் ஸ்டாண்டுல ஜன்னல் வழியா துண்டு போட்டு சீட் பிடிச்ச நமக்கு இது சட்டுனு புரியும். நம்ம ஊர்ல சீட் கிடைச்சாலும் துண்டு கிடைக்காது, அதான் வித்தியாசம்.

ஆனா 'குற்றம் குறைவுன்னா குற்றமே இல்லைன்னு ஆயிடாது'ன்னு இங்க போலீஸே சொல்லுது. அது போன்ல வர்ற கள்ளனுக்கு ரொம்பப் பொருந்தும். போலீஸ்னு பேசுவான், பேங்குன்னு பேசுவான். சந்தேகம் வந்தா 1799-க்கு அடிச்சுக் கேளு. அதை விட மோசமானவன் நம்ம பாஷையிலேயே, நம்ம பக்கத்து ஊர்ப் பேரைச் சொல்லிக்கினு வருவான். "தம்பி, உன் ஏடிஎம் கார்டை ஒரு மாசம் குடு, முந்நூறு வெள்ளி தர்றேன்"னு தேன் ஒழுகக் கேப்பான். வெள்ளின்னா இங்க சிங்கப்பூர் டாலர். என்னோட தங்கியிருந்த பையன் ஒருத்தன் குடுத்தான். எவனோ எங்கேயோ ஏமாத்தின துட்டெல்லாம் இவன் அக்கவுண்டு வழியா ஓடியிருக்கு. விடியக்காலையில கதவைத் தட்டி இட்டுக்கினு போனாங்க. எங்களுக்குக் கடைசியா வந்த சேதி, பாஸ் ரத்தாகி ஊருக்கு அனுப்பிட்டாங்கன்றதுதான். ஊர்ல அவன் அக்கா நகை இன்னும் அடகுல இருந்துது. இப்ப சட்டம் இன்னும் இறுகிடுச்சு. அக்கவுண்ட்டையோ, சர்க்கார் ஆன்லைன் அடையாளமான சிங்பாஸையோ கைமாத்திக் குடுக்கிறதே குத்தம், 'எனக்குத் தெரியாதுங்க'ன்னு அழுது பிரயோஜனமில்ல. உன் பேர்ல சிம் வாங்கித் தரச் சொன்னாலும் முடியாதுன்னு சொல்லு. அண்ணன் முறை சொல்லிக் கேட்டாலும் சொல்லு.

இதையெல்லாம் ஏன் இவ்ளோ அழுத்திச் சொல்றேன்னா, என்னை ஏமாத்தினவனும் ஊர்க்காரன்தான். 2004-ல குடியாத்தத்துலேர்ந்து வந்தேன். ஏஜென்ட் கிரேன் ஓட்டுற வேலைன்னான், இங்க வந்து பார்த்தா மூட்டை தூக்குற வேலை. நாளுக்கு 16 வெள்ளி.

வந்த முதல் மாசம் பஸ் நிக்கிற இடத்துல பீடித் துண்டைக் கீழ போட்டு செருப்பால தேய்ச்சேன். நம்மூர்ல அது ஒரு காரியமா? சாதா சட்டை போட்ட ஒரு ஆள் வந்து அட்டையைக் காட்டினாரு. 200 வெள்ளி. பன்னெண்டரை நாள் சம்பளம் ஒரு பீடிக்குப் போச்சு. இப்ப முதல் தடவைக்கே 300. திரும்பத் திரும்பப் போட்டா கோர்ட்டு, அதுக்கும் மேல பளபளன்னு ஒரு மேல்சட்டையை மாட்டி எல்லாரும் பார்க்கத் தெருவைப் பெருக்க விடுவாங்க. 2021 செப்டம்பர்லேர்ந்து உணவங்காடியில தட்டை மேசையிலேயே விட்டுட்டு வர்றதும் தப்பு. ஊர்லேர்ந்து பீடிக்கட்டு, ஹான்ஸ், குட்கா எதையும் பெட்டியில வெச்சுக் கொண்டாந்துடாத, ஏர்போர்ட்லயே மாட்டுவ.

அதுக்காக இந்த ஊர் ஜனங்க பிறவியிலேயே சுத்தம்னு நினைச்சுடாத. விடியக்காலை அஞ்சு மணிக்கு எங்க அடுக்குமாடி புளோக்குக் கீழ வந்து பாரு, சிகரெட் துண்டு, பிளாஸ்டிக் டம்ளர், மேல் மாடியிலேர்ந்து வீசின பொட்டலம் எல்லாம் கிடக்கும். ஆறு மணிக்குள்ள பங்களாதேஷ்காரப் பசங்களும் எழுபது வயசு ஆயாவும் பெருக்கி அள்ளிடுவாங்க. ஏழு மணிக்கு எழுந்திரிக்கிறவன் ஊர் சுத்தம்ன்றான். நமக்குப் பின்னாடி வந்து காண்டோன்ற வசதியான அடுக்குமாடியில குடியேறின சில அண்ணன்மாருக்கு வேலூர்னாலே மூக்கைப் பொத்தணும். பாலாறு நாறுதாம். நாறுது, யார் இல்லன்னா? தோல் கழிவு கேஸு சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய் 1996-லயே தீர்ப்பு வந்த ஆறு அது. அதுல ஒரு அண்ணன் ஞாயித்துக்கிழமை நம்ம ஜனம் கூடுற தேக்காவுல பிரியாணி தின்னுட்டுத் தட்டை அப்படியே விட்டுட்டுப் போனதை நான் பார்த்தேன். சொன்னா கோச்சுக்குவாரு.

பம்பை கேட்ட இல்ல? எடுத்துட்டு வா. ஆனா ரூம்ல தோலைத் தட்டினா அன்னிக்கே வீட்டுக்காரி காலி பண்ணச் சொல்லுவா. ராத்திரியில சத்தமே கூடாது, பகல்லயும் பம்பைன்னா பக்கத்து வீட்டுச் சீனத் தாத்தா தாங்க மாட்டாரு. தெருவுல நின்னு வாசிக்கவும் லைசென்ஸ் வேணும். தைப்பூசத்துக்குக் காவடி சிராங்கூன் ரோட்டு பெருமாள் கோயில்லேர்ந்து டேங்க் ரோட்டு முருகன் கோயிலுக்குப் போகும். அந்த ஊர்வலத்துலயே 1973-லேர்ந்து மேளத்துக்குத் தடை இருந்துது. முதுகுல அலகு குத்திக்கினு வாயால அரோகரா மட்டும் சொல்லிக்கினு நடந்த காலத்துல நான் கூட நடந்திருக்கேன். காலு தானா தாளம் தேடும். 2016-லதான் வழியில மூணு இடத்துல வாசிக்க விட்டாங்க. அந்த வருஷம் உறுமிச் சத்தம் கேட்டதும் பக்கத்துல நின்ன ஒரு பெரியவர் செருப்பைக் கழட்டிட்டாரு.

எனக்கு அப்ப வேற ஒண்ணு ஞாபகம் வந்துது. நான் இங்க வந்த வருஷம் வைகாசி ஒண்ணு, எங்க ஊர்ல கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. தரணம்பேட்டையிலேர்ந்து அம்மன் தலை கோபாலபுரம் போற வழியெல்லாம் தேங்கா உடைச்சு ரோடே தெரியாது. அந்த ஓட்டுக் குவியல்ல கால் வெட்டுப்படாத பையன் எங்க தெருவுல கிடையாது. நான் அன்னிக்குத் தங்குமிடத்து வாசல்ல அஞ்சு வெள்ளி போன் கார்டைச் சுரண்டி நம்பர் போட்டேன். என் கூடப் பொறந்த தம்பி அவன் சிநேகிதனோட செல்லுல எடுத்தான். கூட்டத்துல பேசினது ஒண்ணும் கேக்கல. "பேசாதடா, போனை மேல தூக்கிப் பிடி"ன்னேன். தூக்கிப் பிடிச்சான். பம்பையும் புலியாட்டத்து மேளமும் கலந்து இரைச்சலா வந்துது. கார்டுல ஒரு நிமிஷம்தான் பாக்கின்னு நடுவுல ஒரு பொம்பளை குரல் இங்கிலீஷ்ல சொல்லுச்சு. நான் வைக்கல, அதுவா அறுந்து போற வரைக்கும் காதுலயே வெச்சிருந்தேன்.